அம்மா நடந்த பினாங்கு

வியாழன், இரவு

சனிக்கிழமை அம்மாவுக்குத் தலைத்திவசம். அதற்காக இன்று காலை கோலாலம்பூரில் ரயில் ஏறி வந்து, இப்போது பினாங்கில் அண்ணன் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் அண்ணன் போன் செய்து, "பேப்பர்ல நினைவஞ்சலி போடணும், அம்மாவைப் பத்தி நாலு வரி எழுதிக் குடும்மா, நீதானே டீச்சர்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். படம், தோற்றம், மறைவு, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரன் என்று எல்லாம் போட்ட பிறகு நிஜமாகவே நாலு வரிக்குத்தான் இடம் இருந்தது. 1934இல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி, எழுபத்திரண்டு வருசம் இந்தத் தீவிலேயே குடும்பம் நடத்தி, தொண்ணூறு வயதில் தூக்கத்தில் போனவர் அம்மா. நாலு வரியில் அடங்காததை இந்தப் பயணத்தில் ஒவ்வொரு ராத்திரியும் இங்கே எழுதலாம் என்று இருக்கிறேன்.

ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தைப்பிங் வருவதற்கு முன் புக்கிட் பெராப்பிட் சுரங்கம் வரும், 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பிறகு புக்கிட் மேரா ஏரிக்கு நடுவே ரயில் போகும். பிள்ளைகள் எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அம்மாவுக்கு ஏரியைவிட அதற்கு அப்புறம் வரும் பாரிட் புந்தார் வயல்கள்தான் பிடிக்கும். என் வீட்டுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பால் பிடிச்சிருச்சு, இன்னும் மூணு வாரத்துல அறுக்கலாம்" என்பார். வயலை விட்டு வந்து அத்தனை வருசம் ஆன பிறகும் கதிரின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரியில் வந்தேன். கார்களைக் கீழ்த்தட்டில் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து வரும் பழைய ஃபெரிகள் 2020இன் முடிவோடு ஓய்ந்துவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுபவை புதியவை, குளிர்சாதனம் உள்ளவை, வேகமானவை. 1985இல் பாலம் திறந்த பிறகும் அம்மா ஃபெரியைத்தான் கேட்பார். பழைய ஃபெரியில் அக்கரையில் மட்டும்தான் காசு வாங்குவார்கள், தீவிலிருந்து போகக் காசு கிடையாது. அதை அவர் யாரிடம் பேசினாலும் சொல்லாமல் விடமாட்டார்.

அம்மா பினாங்கை முதன்முதலில் பார்த்தது இந்த நீரிலிருந்துதான். 1952இல், ரஜூலா கப்பலில். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல். நம் குடும்பங்களில் பாதிக்கு அந்தப் பெயர் தெரியும். கல்யாணமாகி நாலு மாதம். அப்பா முன்னாலேயே வந்துவிட்டார், அம்மா அப்பாவின் அத்தையோடு மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தார். ஒரு தகரப் பெட்டி, அதில் நாலு சேலை, ஓர் அஞ்சறைப்பெட்டி, எலுமிச்சை ஊறுகாய், அப்புறம் ஒரு குழவிக்கல். அம்மி அங்கே கிடைக்கும், கைக்குப் பழகிய குழவி கிடைக்காது என்று பாட்டி சொல்லி அனுப்பினாராம். மறு வருசம் ஆகஸ்டில் குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. ஒரு வருசம் தள்ளிப் போயிருந்தால் வந்திருக்க முடியுமோ என்னவோ என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

அந்தக் குழவி இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் தேய்ந்து, உருட்டினால் நேராகப் போகாது.

வெள்ளி, இரவு

இன்று முழுக்க நடை. கால் வலிக்கிறது, ஆனால் எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

பசியாறிவிட்டு அண்ணியோடு சௌராஸ்தா சந்தைக்குப் போனேன். 1890இல் தொடங்கிய சந்தை. வாசலில் சாதிக்காய் ஊறுகாயும் உப்பிட்ட மாங்காயும் சுற்றுலாக்காரர்களுக்காக அடுக்கியிருக்கிறார்கள். மீன் பக்கம் மட்டும் அதே ஈரம், அதே சத்தம். அம்மா இங்கே ஹொக்கியன் என்ற சீனமொழி பேசித்தான் மீன் வாங்குவார். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், வந்த இரண்டே வருசத்தில் கீழ்வீட்டுச் சீனப் பாட்டியிடம் எண்களைக் கற்றுக்கொண்டு, "சா கோ" என்று மூன்று வெள்ளிக்கு, அதாவது மூன்று ரிங்கிட்டுக்கு, விலையை இறக்கிவிட்டுத்தான் கூடையைத் திறப்பார். மலாயும் வரும், ஆனால் பேரம் ஹொக்கியனில்தான்.

மீன்கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அண்ணியைத் தெரியும். அம்மாவின் மகள் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மலாயில் பேசினார். கடை அவர் அப்பா காலத்திலிருந்து இருக்கிறதாம். "அந்த அம்மா வந்தா நேத்து மீனை எடுத்து உள்ள வச்சிடு"ன்னு அப்பா சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பவர் அல்ல. மீனை வாலைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுவார். உடம்பு விறைப்பாக நின்றால் புதுசு, தலை தொங்கினால் திருப்பி வைத்துவிடுவார். கெம்போங் மீனானாலும் சரி, நெத்திலியைத் தவிர எல்லாவற்றுக்கும் அந்தச் சோதனைதான்.

அங்கிருந்து அண்ணியை பஸ் ஏற்றிவிட்டு, சூலியா தெரு வழியாக குவீன் தெருவுக்கு நடந்தேன். அம்மா தினம் நடந்த வழி. மகாமாரியம்மன் கோவிலில் உச்சிக்கால பூசை நேரம். 1833இல் எழும்பிய கோவில், துறைமுகத்து ஆட்களின் கோவில். அப்பாவும் துறைமுகம்தான். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தொங்கான் என்ற சரக்குப் படகில் சரக்கை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் வேலை. மண்டோர், அதாவது மேஸ்திரி, பேர் கூப்பிட்டால் அன்றைக்குச் சம்பளம், கூப்பிடாவிட்டால் இல்லை. அந்த வருமானத்தில் அம்மா வீடு நடத்தினார்.

நாங்கள் குடியிருந்த மாடி கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில். 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு வரிசையாகக் கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. எங்கள் வீடும் அப்படித்தான். வரவேற்பில் நம் பையன் ஒருவன் இருந்தான். விசயத்தைச் சொன்னேன். "மேல ஆள் இல்ல ஆன்ட்டி, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றான்.

படி மட்டும் பழசு. அம்மா சமைத்த பின்கட்டு இப்போது குளியலறை, வெள்ளை ஓடு பதித்திருக்கிறார்கள். தெருப்பக்கத்து ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னலிலிருந்துதான் கயிற்றில் கூடையை இறக்குவோம். மூங்கிலைத் தட்டிக்கொண்டு மீ என்ற நூடுல்ஸ் விற்பவர் வருவார். கூடையில் காசும் பாத்திரமும் போகும், சுடச்சுட மீ மேலே வரும். மாதத்தில் ஒருநாள்தான் அது, அப்பாவுக்குக் கூலி வந்த மறுநாள். மற்ற நாளெல்லாம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவோம். அம்மா அந்தச் சத்தம் வரும்போது வேண்டுமென்றே நெத்திலியைச் சம்பலில் போட்டுப் பிரட்டுவார். பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாசத்துக்கு மீ நினைவு போய்விடும்.

இந்த மாடியைவிட்டு அம்மா போக வேண்டி வந்தது 2000இல். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 கடைசியோடு எடுக்கப்பட்டது. வாடகை பல மடங்கு ஏறியது. தெருவே காலியானது. ஐம்பது வருசம் அண்டை அயலாக இருந்தவர்கள் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், அக்கரை என்று பிரிந்து போனார்கள். அம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. அண்ணனின் அடுக்குமாடிக்கு வந்த முதல் வாரம் முழுக்க அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இங்கிருந்து சௌராஸ்தாவுக்கு எத்தனை நம்பர் பஸ்?

கடைத்தெரு வழியாகத் திரும்பி வந்து மாலையில் அண்ணன் அம்மாவின் பெட்டியைத் திறந்தார். சேலைகளை அக்காவும் அண்ணியும் போன வருசமே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது காகிதங்கள். அவற்றில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. அம்மா பிடித்த கூட்டுக் கணக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருபது பெண்கள் சேர்ந்து மாதம் பத்து வெள்ளி கட்டுவார்கள். இருநூறு வெள்ளி சேரும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுப்பார். பிள்ளைப்பேறு, கல்யாணம், ஊருக்குப் போகும் கப்பல் டிக்கெட் என்று தேவைக்கு ஏற்ப முன்பின் மாற்றிக்கொள்வார்கள். பிடிப்பவர் மேல் எல்லாருக்கும் நம்பிக்கை இருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் நோட்டில் யார் பெயரும் இல்லை. "மூலை வீடு", "புளிக்கடை", "சீனப் பாட்டி மருமகள்", "கண்ணாடி போட்டது" என்றுதான் இருக்கிறது.

1967 நவம்பர் பக்கத்தில் அண்ணன் விரலை வைத்தார். அந்த வருசம் ஜூனில் புதுப் பணம் வந்தது. பழைய நோட்டும் கூடவே செல்லும், ஒன்றுக்கு ஒன்று சரி என்றார்கள். நவம்பரில் இங்கிலாந்து பவுண்டின் மதிப்பைக் குறைத்ததும் பழைய நோட்டு ஒரு வெள்ளிக்கு 85 காசு என்று ஆகிவிட்டது. பினாங்கில் 24ஆம் தேதி ஹர்த்தால், அது கலவரமாகி ஊரடங்கு. பாடத்தில் படித்திருக்கிறேன், வகுப்பில் நடத்தியும் இருக்கிறேன். அந்த மாதக் கூட்டுப் பணத்தில் 140 வெள்ளி பழைய நோட்டு என்று இன்றைக்குத்தான் தெரியும். 21 வெள்ளி உட்கார்ந்த இடத்தில் காணாமல் போயிற்று. எடுக்க வேண்டியது "புளிக்கடை", மகள் கல்யாணத்துக்கு. நோட்டில் அம்மா எழுதியிருக்கிறார்: "புளிக்கடை 200 முழுசாக் கொடுத்தது." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "வளையல் ஒன்று அடகு."

அண்ணனுக்கு அப்போது பதிமூன்று வயது. அடகுக்கடைக்கு அம்மாவோடு போனது அவர்தான். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னதால், அப்பா போய் இத்தனை வருசம் ஆகியும் இன்று வரை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

1971இல் கூட்டு நடத்துவதைத் தடைசெய்து சட்டம் வந்தது. நோட்டு அந்த வருசத்தோடு நிற்கிறது. பிறகு அம்மா அஞ்சலகத்தில் சேமித்தார். 1974 கடைசியில் அது தேசிய சேமிப்பு வங்கியானது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குக் கிளம்பியபோது பெட்டியும் செருப்பும் பாயும் தலையணையும் அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்த பணத்தில்தான்.

சனி, இரவு

திவசம் நல்லபடியாக முடிந்தது. காலையில் வீட்டில் படையல், மதியம் ராமகிருஷ்ண ஆசிரமத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், பாயசம். பாயசத்துக்கு அக்கா பண்டான் இலை போட்டாள், அம்மா அப்படித்தான் போடுவார்.

சீனப் பாட்டியின் பேத்தி ஆரஞ்சுப் பழங்களோடு வந்திருந்தார். எங்கள் வயதுதான். அண்ணனை அண்ணே என்றும் அக்காவை அக்கா என்றும் தமிழிலேயே கூப்பிடுவார், சின்ன வயதில் எங்கள் வீட்டுப் படியிலேயே வளர்ந்தவர். தீபாவளிக்கு முறுக்கு கீழே போகும், சீனப் பெருநாளுக்கு குவே பாக்குல் என்ற இனிப்புப் பலகாரம் மேலே வரும். படத்துக்கு முன் நின்று மூன்று முறை குனிந்து வணங்கினார். "அம்மா இல்லேன்னா எங்க பாட்டி குழந்தைங்களுக்குக் கஞ்சி ஊத்தி வளத்திருக்க முடியாது" என்றார். அவர் அப்பாவும் தொங்கான் வேலைதான்.

உறவினர் ஒருவர், பெரியவர், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "பாவம், வீட்டுக்குள்ளேயே இருந்துட்டாங்க, வெளி உலகம் தெரியாமலே போயிட்டாங்க" என்றார். அன்பில்தான் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. வயதில் மூத்தவர் என்பதால் அங்கே பேசாமல் இருந்தேன், இங்கே சொல்கிறேன். இந்தத் தீவில் நடந்த ஒவ்வொன்றும் முதலில் அம்மாவின் அடுப்படிக்குத்தான் வந்தது. பணத்தின் மதிப்பு இறங்கினால் அவர் வளையல் போனது. 1969இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற சலுகை பினாங்கின் கையைவிட்டுப் போனபோது மண்டோர் அப்பாவின் பேரைக் கூப்பிடும் நாள் குறைந்தது. அப்போது அம்மா எட்டு வீடுகளுக்குக் கறித்தூள் வறுத்து அரைத்துக் கொடுத்தார். கூலியாகச் சிலர் காசு தருவார்கள், சிலர் அரிசி, ஒரு வீட்டார் கோழிமுட்டை. மரவள்ளிக்கிழங்கு ராத்திரிச் சாப்பாடாக வந்த காலம் அது. எங்களில் யாரும் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்கவில்லை. வெளி உலகத்தைத் தெரியாதவர் செய்கிற காரியமா இது?

அக்கா ஒன்று சொன்னாள். எனக்குப் பாதி தெரியும், மீதி இன்றுதான் தெரிந்தது.

1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. அக்கா 1976இல் ஒன்றில் சேர்ந்தாள், பத்தொன்பது வயதில். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பிகளை ஒட்டும் வேலை. மதியம் போனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் தொழிற்சாலை பஸ் கொண்டுவந்து விடும். பெண்பிள்ளை ராத்திரியில் வேலைக்குப் போவதா என்று தெருவில் பேசினார்கள். அப்பாவுக்கே தயக்கம். அம்மா தினமும் பத்தரைக்கே இறங்கி, பஸ் நிற்கும் முனையில், கடைவீடுகளின் முன்நடையான அஞ்சடியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கையில் டார்ச் லைட், மடியில் அடுத்த நாளுக்குக் கிள்ள வேண்டிய கீரை. வெறுமனே உட்கார மாட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கும் மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கொஞ்ச நாளில் பேசியவர்களே தங்கள் பெண்களை அனுப்பினார்கள், "ஆயா நிக்கிறாங்கல்ல" என்று.

"எத்தனை வருசம்க்கா?" என்றேன்.

"என் கல்யாணம் வரைக்கும். அப்புறமும் நின்னாங்க. மத்த பிள்ளைங்க இருந்துச்சே" என்றாள் அக்கா.

ஞாயிறு, ரயிலில்

காலையில் அக்காவோடு தண்ணீர்மலைக்குப் போனேன். 513 படி. மேலேயுள்ள புதுக் கோவிலுக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தபோது அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். இன்று எனக்கு அறுபது தாண்டிவிட்டது, பாதியில் மூச்சு வாங்கியது. முருகனைப் பார்த்துவிட்டு, கடல் தெரியும் பக்கம் காற்றாட உட்கார்ந்தபோது சிவப்பு ஐசி பற்றிப் பேச்சு வந்தது.

அம்மாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி, குடிமகள் அல்ல. அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் நீலம். எத்தனையோ முறை விண்ணப்பித்தோம். மலாய் பேச்சுத் தேர்வு என்று உட்கார வைத்து எதையாவது கேட்பார்கள். சந்தையில் ஒரு நாள் முழுக்க மலாய் பேசும் அம்மாவுக்கு அந்த முகப்புக்கு முன்னால் வாய் வராது. வெளியே வந்து, "எனக்கு எதுக்குடி அது, உங்களுக்கு இருக்குல்ல" என்பார். ஆனால் விண்ணப்பிக்கக் கூப்பிட்டால் மறு நிமிசம் சேலை மாற்றிக்கொண்டு நிற்பார். அந்தக் காலத்து அம்மாக்கள் எத்தனையோ பேர் சிவப்பு அட்டையோடேயே போய்ச் சேர்ந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

2011இல் ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்யும் இயக்கம் நடந்தபோது அண்ணன் மறுபடி தாள்களைக் கட்டிக்கொண்டு போனார். அந்த முறை கிடைத்தது. நீல அட்டை கையில் வந்தபோது அம்மாவுக்கு எழுபத்தேழு. 2013 மே 5ஆம் தேதி, பொதுத் தேர்தல், வாழ்க்கையில் முதல் ஓட்டு. அந்தத் தேர்தலில்தான் நம் நாட்டில் முதன்முறையாக விரலில் மை வைத்தார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் அடுக்குமாடியில் லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் இடது ஆள்காட்டி விரலைக் காட்டினாராம். யாருக்குப் போட்டார் என்று மட்டும் அப்பா படத்துக்கு முன்னால்கூடச் சொல்லவில்லை என்று அக்கா சிரித்தாள்.

இப்போது ரயில் புக்கிட் மேராவைத் தாண்டிவிட்டது. முந்தைய குறிப்புகளைப் படித்துவிட்டு அம்மாவின் கறித்தூள் கணக்கைக் கேட்டு இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பட்டர்வொர்த் நிலையத்தில் அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அம்மாவுக்குக் கடைசி வரை கட்டிக் கணக்குதான். ஒரு கட்டி என்றால் 600 கிராமுக்குக் கொஞ்சம் கூட, அதில் பதினாறு தாயில்.

மல்லி 2 கட்டி. காய்ந்த மிளகாய் 1 கட்டி, காம்பு கிள்ளியது. பெருஞ்சீரகம் 3 தாயில், சீரகம் 3 தாயில், மிளகு 2 தாயில், மஞ்சள் 2 தாயில். பட்டை விரல் நீளத்தில் நாலு துண்டு, கிராம்பும் ஏலக்காயும் ஒரு சிட்டிகையாக அள்ளும் அளவு. பச்சரிசி ஒரு கைப்பிடி. கறிவேப்பிலை நிழலில் காய்ந்தது, இரண்டு கைப்பிடி. இது இறைச்சிக்கு. மீனுக்கானால் பட்டை, கிராம்பு, ஏலக்காய் வேண்டாம், வெந்தயம் அரைத் தாயில் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் வெயிலில் ஒரு நாள் காயவைத்து, தனித்தனியாக வறுக்க வேண்டும். மல்லியை வறுக்கும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. மில்லுக்குக் கொண்டுபோனால் முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், முன்னால் அரைத்தவர்களின் தூள் நம்முடையதில் கலக்காது. அரைத்து வந்ததும் டின்னில் அடைக்காதீர்கள். பழைய பேப்பரில் பரப்பி, சூடு முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள், ஆறு மாதத்துக்குக் கெடாது.